வேலை தெரிந்த கைகள்: அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2025 தீபாவளி வரை வெளிவந்த தமிழ்ப் படங்களில், சேலத்துத் திரையரங்குகளில் நான் பார்த்தவற்றுள் சிலவற்றைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். திரைக்கலையை முறையாகப் படித்தவன் அல்லன். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு படத்துக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பற்றிப் பேசுகிற சாதாரணப் பார்வையாளன். சிவதாபுரம் பக்கத்தில் எங்கள் குடும்பம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருவதால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கதாபாத்திரத்தின் கைகளின் மீதுதான். அவன் என்ன வேலை செய்கிறான், அந்த வேலை அவன் உடம்பில் தெரிகிறதா, அதில் வரும் காசு அவன் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதையெல்லாம் சரியாகக் காட்டிய படத்தில், மற்ற குறைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. தொழிலைப் பெயருக்கு ஒட்டவைத்துவிட்டுச் சண்டைக்குப் போய்விடும் படம், எத்தனை கோடியில் எடுக்கப்பட்டிருந்தாலும் என் மனத்தில் நிற்பதில்லை.

இந்தக் கணக்கில் முதலிடம் 2024 ஆகஸ்டில் வந்த மாரி செல்வராஜின் 'வாழை'க்குத்தான். பள்ளிக்கூடம் போகும் சிறுவன் சிவனைந்தன், விடுமுறை நாள் வந்தால் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். வாங்கிய முன்பணத்துக்காக வீடே தோட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை மகிழ்ச்சியைக் கொண்டுவரும். இவனுக்கோ அதே நேரத்தில் பயம் வருகிறது. இந்த ஒரு தலைகீழ் நிலையைப் படம் எந்த வசனத்தின் உதவியும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. தாரைத் தலையில் ஏற்றியதும் கழுத்து உள்ளே அமுங்குவதையும், சேற்றில் கால் புதைய நடந்து லாரி நிற்கும் இடம் வரை வருவதற்குள் சிறுவனின் முகம் மாறிப்போவதையும் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மிக அருகில் நின்று பார்க்கிறது. சுமை இறங்கிய பிறகும் அந்தக் கழுத்து உடனே நிமிர்வதில்லை என்பதைக் கவனித்துக் காட்டுவதற்கு, அந்த வேலையை ஒரு நாளாவது செய்த கை வேண்டும். இயக்குநர் தன் சிறுவயது வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை இது என்பது படம் பார்க்கும்போதே விளங்குகிறது.

படத்தின் மையச் சண்டையும் பெரிய சண்டை அன்று. ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டித் தர வேண்டும் என்று கலையரசன் நடித்த கனி கேட்கிறான். வியாபாரி முறைக்கிறார், தரகர் நடுவில் நின்று நெளிகிறார். கடைசியில் கூலி கூடுகிறது. ஆனால் கூட்டிய அந்த ஒரு ரூபாயைத் திரும்பப் பிடிக்கும் வழி எது என்று வியாபாரி யோசிப்பதிலிருந்துதான் பின்னால் வரும் துயரம் முழுவதும் பிறக்கிறது. ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போக வேண்டும் என்ற அந்த முடிவு, கூலி பேசிப் பழகிய எவருக்கும் சுருக்கென்று தைக்கும். எங்கள் தொழிலிலும் கூலி உயர்வு பேசி முடித்த மறுவாரமே, சேதாரக் கணக்கில் கை வைக்கிறவர்கள் உண்டு. ஏழை, பணக்காரன் என்று பொதுவாகப் பேசாமல், ஒரு ரூபாய் எந்த வழியில் வந்து எந்த வழியில் போகிறது என்று காட்டியதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியை பூங்கொடி மீது சிறுவனுக்கு வரும் பிரியம் அழகாகத் தொடங்கினாலும், தேவைக்கு மேல் நீள்கிறது. இறுதிப் பகுதியில் அழுகைக் குரல்களே போதுமான இடத்தில், பின்னணி இசையும் சேர்ந்துகொண்டு நம்மை உலுக்குகிறது. சிவனைந்தனாக வரும் பொன்வேலும், ரஜினியா கமலா என்று அவனோடு ஓயாமல் மல்லுக்கட்டும் நண்பனாக வரும் சிறுவனும் படத்தின் முதல் பாதியைச் சிரிப்பால் நிரப்பாமல் இருந்திருந்தால், இரண்டாம் பாதியின் பாரத்தை யாராலும் தாங்கியிருக்க முடியாது.

2025 அக்டோபர் முதல் நாள் வெளிவந்த தனுஷின் 'இட்லி கடை'யை இதற்கு அடுத்தபடியாக வைக்கிறேன். ஆனால் முழுப் படத்தையும் அல்ல. ராஜ்கிரண் நடித்த சிவனேசன் ஊரில் ஒரு சின்ன இட்லிக் கடை வைத்திருக்கிறார். கையால் ஆட்டிய மாவில்தான் இட்லி வேக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மகன் முருகனோ இந்த வேலை போதாது என்று வெளியேறி, வெளிநாட்டில் பெரிய உணவகக் குழுமம் ஒன்றில் உயர்ந்த நிலைக்கு வருகிறான். அப்பா இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி, அந்தக் கடையைத் திறப்பதா மூடுவதா என்று நிற்கிறான். விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டுவது, ஆவி பறக்கும் தட்டை இறக்குவது, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே இன்னும் இரண்டு வைப்பது என்று கடையின் ஒரு நாள் பொழுதை ராஜ்கிரண் வாழ்ந்து காட்டும் பகுதிகள் அத்தனையும் உண்மையானவை. அவருடைய கைகள் அவசரப்படுவதே இல்லை; பல ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்த கைகளுக்கு மட்டுமே வரும் நிதானம் அது.

எங்கள் பட்டறையில் நெடுங்காலமாகப் பற்றவைப்பு வேலை செய்யும் பெரியவர் ஒருவரும் அன்று எங்களோடு வந்திருந்தார். வழக்கமாகப் படத்தின் நடுவில் கண்ணயர்ந்துவிடும் அவர், இடைவேளையில், "ஏனுங்க தம்பி, அந்தப் பெரிய மனுசன் சொல்றது சரிதானுங்க. மிசின் வந்தா வேலை வெரசா முடியும், ஆனா கை மறந்து போயிருமுங்க" என்றார். மிஷின் கொலுசு சந்தைக்கு வந்த பிறகு கைவேலைக்கு என்ன ஆயிற்று என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தவர் அவர். அவருக்கு அந்தப் படம் கிராமத்துப் பெருமை பேசும் கதையாகப் படவில்லை. தன் தொழிலைப் பற்றிய வழக்காகவே பட்டது.

அந்த வழக்கைத்தான் இரண்டாம் பாதி பாதியில் விட்டுவிடுகிறது. கையால் ஆட்டிய மாவை நம்பி ஒரு கடை இன்று பிழைக்க முடியுமா, விலை கட்டுப்படியாகுமா, உதவிக்கு ஆள் கிடைக்குமா என்ற கேள்விகளுக்குப் படம் போயிருக்கலாம். அதற்குப் பதில் அருண் விஜய் நடித்த பணக்கார மகனின் கோபத்துக்கும் பழிவாங்கலுக்கும் போய்விடுகிறது. அவரும் நன்றாகவே உழைத்திருக்கிறார். ஆனாலும் அவர் வரும் காட்சிகள் நாம் பலமுறை பார்த்த காட்சிகள். ஒரு கடையை மூடவைக்க அடியாள் தேவையில்லை. விறகு விலையும் எதிர்க்கடையும் போதும். அடிக்கு அடி கொடுக்காமல் நிற்கும் நாயகனைக் காட்டியது தனுஷின் நல்ல துணிவு என்பதையும் சொல்ல வேண்டும். நித்யா மேனன் வரும் இடங்களில் எல்லாம் படம் மீண்டும் கடைக்குத் திரும்பி வந்து நிலைகொள்கிறது.

அதே நித்யா மேனன் விஜய் சேதுபதியோடு நடித்த 'தலைவன் தலைவி' 2025 ஜூலையில் வந்தது. இயக்கம் பாண்டிராஜ். இதிலும் உணவகம்தான், நாயகன் பரோட்டா மாஸ்டர். விஜய் சேதுபதி மாவை உருட்டி, வீசி, சுருட்டி, கல்லில் போட்டுத் திருப்பி, வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும் வேகத்தில் பொய் இல்லை. கணவன் மனைவி சண்டைக்குள் இரு வீட்டாரும் புகுந்து அதைப் பெரிதாக்குவதும் நம் வீடுகளில் நடப்பதுதான். ஆயினும் படத்தில் யாருமே மெதுவாகப் பேசுவதில்லை. ஒரு குடும்பச் சண்டையில் கத்தலுக்கு நடுவில் வரும் மௌனம்தான் அதிகம் பயமுறுத்தும்; அந்த மௌனத்துக்கு இங்கே இடமே தரப்படவில்லை. சிரித்துவிட்டு வந்தோம், தலைவலியோடு வந்தோம்.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது திரையரங்குகளையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். நகரின் ஓர் அரங்கில், காதைப் பொத்திக்கொண்டு அழுத குழந்தையோடு ஒரு தாய் பாதிப் படத்தில் வெளியேறியதைப் பார்த்தேன். ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஊழியரிடம் போய்ச் சொன்னதற்கு, படமே அப்படித்தான் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது. படத்தின் மீது பழி போடுவதிலும் ஓரளவு நியாயம் உண்டு. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது இரைச்சலைப் பற்றி எழுந்த புகாரின் காரணமாக, ஒலியளவைக் குறைத்து வைக்குமாறு தயாரிப்புத் தரப்பே அரங்குகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பழங்குடிகளின் போரையும் பெரும் நிலப்பரப்பையும் காட்ட அந்தப் படத்தில் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு முழுவதும் சத்தத்துக்கு அடியில் புதைந்துபோனது வருத்தமாக இருக்கிறது.

படம் எடுப்பதும் நேரம் தவறாமல் ஆட்கள் வந்து போகும் ஒரு தொழில்தான் என்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. டி. ஆர். சுந்தரம் 1930களில் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஒரு ஆலையைப் போன்ற கட்டுப்பாட்டோடு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவு மட்டுமே மிச்சம். அந்த வளைவைக் கடந்து போகும்போதெல்லாம், குறித்த காலத்தில் குறித்த செலவில் படத்தை முடிக்கும் அந்த ஒழுங்கில் கொஞ்சமாவது இன்றைய பெரிய படங்களுக்கு வந்து சேராதா என்று எனக்குத் தோன்றும்.

அந்த எண்ணத்தை மிகுதியாக்கிய படம் 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி'. லோகேஷ் கனகராஜ் இயக்கம், ரஜினிகாந்த், நாகார்ஜுனா, சௌபின் சாஹிர், உபேந்திரா, சத்யராஜ் என்று ஒரு பெரும் பட்டாளம். பெயரைக் கேட்டதும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் கதையாக இருக்கும் என்று ஆவலோடு போனேன். துறைமுகம் இருக்கிறது, தொழிலாளர்களும் கூட்டமாக நிற்கிறார்கள். ஆனால் ஒருவர் கூட நம் கண்முன் ஒரு மூட்டையைத் தூக்கிக் களைத்து உட்காரவில்லை. அவர்களுடைய கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் தெரியாமலேயே படம் முடிந்துவிடுகிறது. கடத்தலும் துரோகமும் ரகசியங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. சௌபின் சாஹிரின் நடிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. ரஜினி பழைய இளமையோடு தோன்றும் பகுதிக்கு அரங்கம் அதிர்ந்தது உண்மை. படத்துக்கு 'ஏ' சான்றிதழ் என்பதால் பிள்ளைகளை அழைத்துப் போக முடியவில்லை. ரஜினி படத்தைக் குடும்பத்தோடு பார்ப்பதையே ஒரு பழக்கமாக வைத்திருக்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரிய ஏமாற்றம். ரத்தம் தெறிக்கும் காட்சிகளைப் பார்த்த பிறகு, அந்தச் சான்றிதழ் சரியானதே என்றும் நினைத்தேன்.

வன்முறை எதற்காக வருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 2024 ஜூனில் வந்த நிதிலன் சாமிநாதனின் 'மகாராஜா'வில் வரும் கொடுமை 'கூலி'யில் இருப்பதைவிடப் பார்க்கக் கடினமானது. முடிதிருத்துபவரான நாயகன், வீட்டில் இருந்த 'லட்சுமி' என்னும் குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று காவல் நிலையத்தில் வந்து நிற்கிறார். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம் இது; அவர் அதிகம் பேசாமல் நடித்த படங்களுள் ஒன்று. காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்கிய விதம் கைதேர்ந்த வேலை. இருந்தாலும் ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமையைக் கதையின் கடைசித் திருப்பமாகப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் அதைத் தெரிந்துகொண்டே போவது நல்லது.

பணக்கணக்கைச் சரியாகக் காட்டிய படம் என்று கேட்டால், 2025 ஜனவரியில் வந்த 'குடும்பஸ்தன்' என்பேன். ராஜேஷ்வர் காளிசாமியின் முதல் படம். மணிகண்டன் நடித்த நவீன், விளம்பர நிறுவனத்தில் இருந்த வடிவமைப்பாளர் வேலையை இழந்துவிட்டு, அதை வீட்டில் சொல்ல முடியாமல் கடன் மேல் கடன் வாங்குகிறான். அம்மாவுக்கு ஓர் ஆசை, அப்பாவுக்கு ஒரு செலவு, மனைவிக்கு ஒரு படிப்பு. எதுவும் தவறான ஆசை அன்று, எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்பதுதான் சிக்கல். யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று அவன் மனத்துக்குள் ஓடும் கணக்கு, மாதக் கடைசியில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய எந்தச் சிறுதொழில்காரருக்கும் மனப்பாடம். மைத்துனராக வரும் குரு சோமசுந்தரம் பேசும் ஒவ்வொரு குத்தலும் கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் கேட்டது. கோவைப் பக்கத்துப் பேச்சு சேலத்துக்காரர்களுக்கு அயலானதன்று என்பதால், அரங்கில் சிரிப்பு ஒரு நொடி முன்னதாகவே எழுந்தது. துணுக்குகளைத் தொடர்ந்து அடுக்கியதில், சோகம் வர வேண்டிய இடங்களிலும் சிரிப்பு குறுக்கே வந்துவிடுகிறது என்பது மட்டுமே குறை.

ஜூலையில் வந்த '3 பிஎச்கே'யும் கணக்குப் படம்தான்: சொந்த வீட்டுக்காகச் சரத்குமாரும் தேவயானியும் சித்தார்த்தும் சேர்க்கும் தொகை உயர உயர, வீட்டின் விலை அதைவிட வேகமாக உயர்கிறது. நேர்மையான படம், துன்பம் வரும் வரிசை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் கொஞ்சம் களைப்பு தருகிறது.

2025 மே முதல் நாள் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியின்றிப் படகேறி வந்த ஒரு குடும்பம், சென்னையில் ஒரு குடியிருப்பில் தங்கள் அடையாளத்தை மறைத்து வாழ்வதும், அவர்களுடைய வாஞ்சையால் முகம் கொடுத்துப் பேசாத அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடிப்பதே தெரியாமல் நடித்திருக்கிறார்கள். இளைய மகனாக வரும் சிறுவன் கமலேஷ் வாயைத் திறந்தாலே அரங்கம் சிரிக்கிறது. ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்தியது. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஆகியும் குடியுரிமைக்காகக் காத்திருக்கும் அவர்களுடைய நிலையோடு ஒப்பிட்டால், படத்தின் குடும்பத்துக்கு வீடும் வேலையும் அன்பும் மிக எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. அன்பான படத்தில் இந்தக் கடினமும் கொஞ்சம் இருந்திருந்தால், அந்த அன்புக்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கும்.

2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு படங்களையும் விட்டுவிட மனமில்லை. தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'வில், வயது ஏறியும் கிரிக்கெட் மட்டையைக் கீழே வைக்காத 'கெத்து' என்னும் ஆட்டக்காரராக அட்டகத்தி தினேஷ் நிற்கும் நிற்பே ஒரு நடிப்பு. திறமை இருந்தும் சாதியின் பெயரால் அணிக்குள் சேர்க்கப்படாத 'அன்பு' என்னும் இளைஞனாக ஹரிஷ் கல்யாண். உள்ளூர் மைதானத்தில் ஆடியவர்களுக்குத் தெரிந்த அந்த அவமானத்தைக் கூச்சல் இல்லாமல் சொன்ன படம் இது. கணவனின் விளையாட்டுப் பித்தால் வீட்டுச் சுமை முழுவதையும் தாங்கும் யசோதையாக வரும் சுவாசிகாவும், மருமகளின் பக்கம் நிற்கும் மாமியாரும் என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போனார்கள். பிரேம்குமாரின் 'மெய்யழகன்' கார்த்தியும் அரவிந்த் சாமியும் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் படம். வெளிவந்த சில நாள்களில் நீளம் கருதி ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கும் என் உறவினர்கள் மலையிறங்கி வந்து வெட்டிய வடிவத்தைப் பார்த்தார்கள்; வெட்டாததைப் பார்த்த எனக்கு, அவர்கள் இழந்தது வெறும் நிமிடங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஊரைவிட்டுப் போனவன் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் ஒன்று இன்னொரு வீட்டைத் தூக்கி நிறுத்தியது என்பதைக் கார்த்தி சொல்லும் இடத்துக்கு, அந்த நிதானம் தேவை. நான்கு வாரம் பொறுத்தால் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம் என்று அரங்குக்கு வரத் தயங்குகிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில், பொறுமையாக வந்து உட்கார்ந்தவர்களை நம்பி எடுத்த படத்தில் கத்தரி வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாகப் பார்த்தது தீபாவளியை ஒட்டி 2025 அக்டோபர் 17 அன்று வந்த 'பைசன் காளமாடன்'. மீண்டும் மாரி செல்வராஜ். கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்விலிருந்து எழுந்த கதை. துருவ் விக்ரமின் உடம்பு இந்தப் படத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்பதை அவர் கோட்டைத் தாண்டி உள்ளே பாயும் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். தோளில் மண் ஒட்டியிருக்கும், மூச்சு வாங்கும், முட்டி தேய்ந்திருக்கும். மகன் விளையாடப் போனால் ஊர்ப்பகை அவனை விழுங்கிவிடும் என்று அஞ்சும் தந்தையாகப் பசுபதி, 2025இல் நான் பார்த்த நடிப்புகளிலேயே சிறந்ததைத் தந்திருக்கிறார். மகனைத் தடுக்கும்போதும் அவர் குரலில் வெறுப்பு இல்லை, நடுக்கம்தான் இருக்கிறது. அமீரும் லாலும் வரும் பகைக் கதை முக்கியமானதுதான் என்றாலும், அது விரியும்போது ஆட்டம் நின்று காத்திருக்கிறது. துருவ் நடித்த கிட்டான் மைதானத்தை விட்டு விலகியிருக்கும் அந்த நேரத்தில் நானும் பொறுமை இழந்தேன். வெட்டும் குத்தும் நிறைந்த காட்சிகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். கபடிக்குப் போகிறேன் என்று வீட்டில் சண்டை போடும் வயதுப் பிள்ளை இருந்தால், பெற்றவர்கள் அவனோடு சேர்ந்து போய்ப் பார்க்கட்டும். பசுபதி பேசும் இடங்களில் யார் பக்கம் நியாயம் என்று இருவரும் பேசிக்கொள்ள நிறைய இருக்கும்.